சக்லத்வாலா பட்டாளம்

(தொழிற்சங்க அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பட்டாளம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு ஊர் ஆள் பிடித்தான். பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் பிள்ளை, வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தான். மெசபொடேமியாவில் செத்தான், பிரான்சில் செத்தான், பர்மாக் காட்டில் செத்தான். யாருக்காகச் சாகிறோம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் யாரும் நினைக்கவில்லை.

இன்று நாம் பேசப் போவது வேறொரு பட்டாளத்தைப் பற்றி. இந்தப் பட்டாளத்துக்கு யாரும் ஆள் பிடிக்கவில்லை. அதில் சேர்ந்தவர்களை அவர்களுடைய சொந்த சர்க்காரே போகக் கூடாது என்று தடுத்தது. போனால் இரண்டு வருஷம் சிறை என்று மிரட்டியது. அதையும் மீறிப் போனார்கள். பஞ்சாலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், துறைமுகத் தொழிலாளிகள், மாலுமிகள், வேலையில்லாமல் தெருவில் நின்றவர்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்திலும் பிறந்தவர்கள். இந்த வெள்ளைக்காரத் தொழிலாளிகள் தங்கள் பட்டாளத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஓர் இந்தியனின் பெயரை வைத்தார்கள். சக்லத்வாலா பட்டாளம்!

நம்மை ஆண்ட நாட்டின் தொழிலாளிகள், தாங்கள் உயிரைக் கொடுக்கப் போகும் பட்டாளத்துக்கு நம் நாட்டான் பெயரை ஏன் வைத்தார்கள்? அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பெயினில் என்ன நடந்தது?

ஸ்பெயின் அன்று நிலப்பிரபுக்களின் நாடு. தெற்கே அந்தலூசியாவிலும் எக்ஸ்திரமதூராவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே பண்ணையாருடைய நிலம். அந்த நிலத்தில் உழைத்தவனுக்குக் கைப்பிடி மண் சொந்தமில்லை. அறுவடைக் காலத்தில் கூலி, மற்ற காலத்தில் பட்டினி. தஞ்சைத் தரணியில் பண்ணையாள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1931-ல் மன்னன் ஓடினான், குடியரசு வந்தது. 1936-ம் ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் மக்கள் முன்னணி வென்றது. அடுத்த மாதமே, மார்ச் 25-ந் தேதி, படஹோஸ் மாகாணத்தில் அறுபதாயிரம் ஏழை விவசாயிகள் ஏர்களோடு புறப்பட்டு, சுமார் மூவாயிரம் பண்ணைகளில் இறங்கி உழத் தொடங்கினார்கள். பண்ணையார் பொறுப்பானா? அவனுக்குத் துணையாக ஆலை முதலாளியும் பெரிய குருமார்களும் ராணுவத் தளபதிகளும் கூடினார்கள். ஜூலை மாதம் 17-ந் தேதி மொராக்கோவில் ராணுவக் கலகம் வெடித்தது. மறுநாள் ஸ்பெயின் முழுவதும் பரவியது. கலகத்துக்குத் தலைவனாக வந்தவன் தளபதி பிராங்கோ.

தலைநகர் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் தொழிலாளிகள் ஆயுதம் கேட்டு வாங்கி, கலகக்காரர்களை அடக்கினார்கள். கலகம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை? ஹிட்லர் விமானம் அனுப்பினான். மொராக்கோவில் இருந்த பிராங்கோவின் படை அந்த விமானங்களில் ஏறி ஸ்பெயினில் இறங்கியது. முசோலினி எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட துருப்புகளை அனுப்பினான். அமெரிக்காவின் டெக்ஸாக்கோ எண்ணெய்க் கம்பெனி பிராங்கோவுக்குக் கடனாகவே எண்ணெய் கொடுத்தது. ஆகஸ்டில் படஹோஸ் நகரம் விழுந்தது. ஏர் கட்டிய அந்த விவசாயிகளை மாட்டுச் சண்டை மைதானத்தில் அடைத்துக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள்.

பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது? “தலையிடாக் கொள்கை” என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டது. அதற்காக லண்டனில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. அந்தக் கமிட்டியில் ஹிட்லரின் ஆளும் உட்கார்ந்திருந்தான், முசோலினியின் ஆளும் உட்கார்ந்திருந்தான்! கொள்ளைக்காரன் ஒருவன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான். வீட்டுக்காரன் அரிவாள் வாங்கக் கடைக்கு ஓடுகிறான். கடைக்காரன் சொல்கிறான், “நான் நடுநிலை, யாருக்கும் ஆயுதம் விற்க மாட்டேன்” என்று. கொள்ளைக்காரன் கையில் ஏற்கெனவே ஆயுதம் இருக்கிறது. இதற்குப் பெயர் நடுநிலையா? தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சர்க்கார், காசு கொடுத்தும் ஆயுதம் வாங்க முடியாமல் தவித்தது. அந்தச் சமயத்தில் வெளிப்படையாகத் துணை நின்றது சோவியத் யூனியனும் மெக்ஸிகோவும்தான்.

போனவர்கள் யார்?

அப்போதுதான் உலகத் தொழிலாளி வர்க்கம் அசைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் ஸ்பெயினுக்குப் போனார்கள். அவர்கள் சேர்ந்த படைக்குத்தான் சர்வதேசப் படை என்று பெயர். பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் போனவர்கள் சுமார் 2,500 பேர்.

இவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகள். பட்டினி ஊர்வலங்களில் லண்டனுக்கு நடந்தே வந்து போலீஸ் தடியடி பட்டவர்கள். லண்டன் கிழக்குப் பகுதியில், 1936 அக்டோபர் 4-ந் தேதி கேபிள் தெருவில், பாஸிஸ்டு மோஸ்லியின் ஊர்வலத்தை மறித்து நின்றவர்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள். எழுத்தாளர்களும் மாணவர்களும் இருந்தார்கள், கொஞ்சம்தான்.

எப்படிப் போனார்கள்? பாரிசுக்கு வாரக்கடைசிச் சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று உண்டு. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். சுற்றுலா போகிறவர்கள் போலப் புறப்பட்டுப் பாரிசில் இறங்கினார்கள். அங்கிருந்து தெற்கே. எல்லை மூடப்பட்ட பிறகு, இரவு நேரத்தில் பிரனீஸ் மலையைக் கால்நடையாகத் தாண்டினார்கள். மலை ஏறியே பழக்கமில்லாதவர்கள், விளக்கில்லாமல், பேச்சில்லாமல், முன்னே போகிறவன் காலடியைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். விடியும்போது ஸ்பெயின் மண்.

மத்ரிகேராஸ் என்ற கிராமத்தில் பயிற்சி. துப்பாக்கியும் அதிகமில்லை, ரவையும் அதிகமில்லை. பலர் போர்முனைக்குப் போவதற்குச் சில நாள் முன்புதான் முதன்முதலாகத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார்கள்.

பெயர் வந்த கதை

1937 ஜனவரியில் அந்தக் கிராமத்தில்தான் பட்டாளம் அமைந்தது. சக்லத்வாலாவின் பெயர் சூட்டப்பட்டது. யார் அவர்?

ஷாபூர்ஜி சக்லத்வாலா 1874-ல் பம்பாயில் பிறந்தவர். டாட்டா குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர். கோடீஸ்வரனாக இருந்திருக்க வேண்டியவர், கம்யூனிஸ்டு ஆனார். லண்டனில் பாட்டர்ஸீ என்ற தொழிலாளர் பகுதி அவரை 1922-லும் 1924-லும் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தது. 1926 பொது வேலை நிறுத்தத்தையொட்டிப் பேசிய பேச்சுக்காக இரண்டு மாதம் சிறையில் இருந்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குள்ளேயே நின்று இந்தியாவின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். 1927-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னையிலும் பேசினார். 1936 ஜனவரியில் காலமானார்.

தங்கள் கூலிக்காகவும் வேலைக்காகவும் சிறை சென்ற தலைவர் என்றுதான் பிரிட்டிஷ் தொழிலாளி அவரைக் கண்டான். அவர் எந்த நாட்டான், என்ன நிறம் என்று பார்க்கவில்லை. நாளடைவில் எல்லோரும் சுருக்கமாகப் “பிரிட்டிஷ் பட்டாளம்” என்றே அழைத்தார்கள். சரித்திரப் புத்தகங்களிலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஆனால் வைத்த பெயர் சக்லத்வாலா என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஹராமாவில் மூன்று நாள்

மாட்ரிட்டுக்கு உணவும் ஆயுதமும் வருவது வலென்சியா சாலை வழியாக. அந்தச் சாலையை அறுத்துவிட்டால் தலைநகரம் பட்டினியில் விழும். 1937 பிப்ரவரியில் பிராங்கோவின் படை ஹராமா ஆற்றைத் தாண்டி, சாலையை நோக்கி வந்தது. பிப்ரவரி 12-ந் தேதி காலை, சுமார் 600 பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாளம் ஆலிவ் தோப்புகளின் வழியே முன்னேறியது. பட்டாளத்தின் தலைவர் டாம் விண்டிரிங்ஹாம்.

ஒரு குன்றின் மேல் நின்றார்கள். பீரங்கியும் மெஷின் துப்பாக்கியும் அவர்கள் மேல் பொழிந்தன. அவர்களுடைய மெஷின் துப்பாக்கிகளுக்கு வந்த ரவையோ, பொருந்தாத ரவை! துப்பாக்கி இருக்கிறது, சுட முடியவில்லை. சரியான ரவையை ஏற்றி வந்த லாரி வழியில் கவிழ்ந்தது. அந்தக் குன்றுக்குப் பின்னால் வைத்த பெயர் தற்கொலைக் குன்று. அதைச் சொன்னால் போதும், நடந்தது தெரியும். மாலையில்தான் சரியான ரவை வந்தது. குன்றைப் பிடித்துவிட்டோம் என்று இறங்கி வந்த எதிரியை அந்தத் துப்பாக்கிகள் அப்படியே நிறுத்தின.

அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது, 600 பேரில் நின்றவர்கள் 225 பேர்.

செத்தவர்களில் கிளெம் பெக்கெட் ஒருவர். ஓல்ட்ஹாம் என்ற பஞ்சாலை ஊர்க்காரர். கருமான் வேலை பழகியவர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நாடறிந்த வீரர். கிறிஸ்டபர் காட்வெல் இன்னொருவர். 29 வயது எழுத்தாளர். கவிதையைப் பற்றி அவர் எழுதிய “மாயையும் எதார்த்தமும்” என்ற நூல் அவர் செத்த பிறகுதான் வெளிவந்தது. இன்றும் உலகம் முழுவதும் படிக்கிறார்கள். கருமானும் எழுத்தாளனும் நண்பர்கள். ஒரே மெஷின் துப்பாக்கியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒரே நாளில் மாண்டார்கள்.

மறுநாள் விண்டிரிங்ஹாம் காயம்பட்டார். மெஷின் துப்பாக்கிக் கம்பெனியில் ஒரு பகுதி எதிரியிடம் சிறைப்பட்டது. 14-ந் தேதி டாங்கிகள் வந்தன. வரிசை உடைந்தது. பசியும் தூக்கமின்மையும் தாங்காமல் பின்வாங்கிச் சாலையோரம் வந்து விழுந்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் இரும்பால் செய்த மனிதர்கள் அல்ல. பயந்தார்கள். சிலர் ஓடியும் போனார்கள். அதை மறைப்பதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. தங்களுக்குப் பின்னால் வேறு படை கிடையாது; தாங்கள் போனால் சாலை போகும், சாலை போனால் மாட்ரிட் போகும். ஸ்காட்லாந்துக்காரர் ஜாக் கன்னிங்ஹாமும், அயர்லாந்துக்காரர் பிராங்க் ரயனும் எழுந்தார்கள். சுமார் 140 பேர் அவர்கள் பின்னால் எழுந்தார்கள். சர்வதேச கீதத்தைப் பாடிக்கொண்டே, விட்டுவந்த குன்றை நோக்கித் திரும்பி நடந்தார்கள். சிதறிக் கிடந்தவர்கள் பாட்டைக் கேட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். புதிய படை வந்துவிட்டது என்று எதிரி நினைத்தான். பின்வாங்கினான். சாலை தப்பியது. யுத்தத்தின் கடைசி வரை மாட்ரிட்டை பிராங்கோ சண்டையிட்டுப் பிடிக்க முடியவில்லை.

உத்தரவு கொடுத்து ஒருவனைச் சுட வைக்கலாம். ஓடி வந்தவனைத் தானாகத் திரும்பி நடக்க வைக்க உத்தரவு போதாது. எதற்காக என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரே நின்ற ஏழை

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். ஹராமாவில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு எதிரே நின்றவர்கள் யார்? பெரும்பாலோர் மொராக்கோ நாட்டு விவசாயிகள். பிராங்கோவின் படையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மொராக்கோக்காரர்கள் யுத்தம் முழுவதிலும் போரிட்டார்கள்.

மொராக்கோவின் வடபகுதி அன்று ஸ்பெயினின் காலனி. அந்த ரீப் மலை மக்கள் அப்துல் கரீம் தலைமையில் அன்னியனை எதிர்த்து வீரமாகப் போராடினார்கள். ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து, விஷவாயுக் குண்டும் போட்டு, 1926-ல் அவர்களை நசுக்கின. அந்த யுத்தத்தில் பெயரெடுத்தவன்தான் பிராங்கோ. தோற்ற மக்களிடம் வறுமை மிஞ்சியது. அதே பிராங்கோவின் படையிலேயே கூலிக்குச் சேர்ந்தார்கள். தன் ஊரை எரித்தவனுக்காகத் துப்பாக்கி பிடித்தான் அந்த விவசாயி. நம் ஊர்ச் சிப்பாய் வெள்ளைக்காரனுக்காகப் பிடிக்கவில்லையா?

குடியரசு சர்க்கார் என்ன செய்திருக்க வேண்டும்? “மொராக்கோவுக்குச் சுதந்திரம்” என்று பிரகடனம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பிரான்சும் பிரிட்டனும் கோபித்துக்கொள்ளுமே என்று தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குப் பலன், பிராங்கோவுக்கு வற்றாத ஆள்பலம். அடிமை நாட்டு ஏழைக்கு விடுதலை தராத ஜனநாயகம் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறது. இந்தப் பாடத்துக்கு ஸ்பெயின் மக்கள் ரத்தத்தால் விலை கொடுத்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பெயரைப் பாருங்கள். சக்லத்வாலா! காலனி நாட்டானை எதிரியாக நிறுத்தினான் பிராங்கோ. காலனி நாட்டானைத் தலைவனாக ஏற்றார்கள் அந்தத் தொழிலாளிகள்.

புரூனெத்தே முதல் எப்ரோ வரை

1937 ஜூலையில் புரூனெத்தேச் சண்டை. அப்போது பட்டாளத்தின் தலைவர் பிரெட் கோப்மன். 1931-ல் இன்வர்கார்டன் துறைமுகத்தில் சம்பள வெட்டை எதிர்த்து பிரிட்டிஷ் கடற்படையில் கலகம் செய்த மாலுமிகளில் ஒருவர். கொளுத்தும் வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. வில்யநுவேவா என்ற கிராமத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் ஒளிந்து சுட்டுக்கொண்டே வந்தார்கள் பாஸிஸ்டுகள். மூன்று வாரத்தில் 331 பேரில் 42 பேர்தான் வரிசையில் மிஞ்சினார்கள்.

ஆனாலும் பட்டாளம் அழியவில்லை. புதியவர்கள் மலை தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்பெயின் நாட்டு இளைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். கடைசியில் பட்டாளத்தின் பெரும்பகுதி அவர்களே. 1938 ஜனவரியில் தெருவேலின் பனியில் போரிட்டார்கள். மார்ச் 31-ந் தேதி கலாசெய்த்தே அருகே ஒரு சாலைத் திருப்பத்தில் எதிரே டாங்கிகள் வந்தன. நம்முடையவை என்று நினைத்தார்கள். முசோலினியின் டாங்கிகள்! செத்தவர்களும் சிறைப்பட்டவர்களும் நூற்றுக்கு மேல்.

அதற்குப் பிறகும் ஜூலை 25-ந் தேதி குடியரசுப் படையோடு எப்ரோ ஆற்றைத் தாண்டினார்கள். காந்தேசா அருகே 481-ம் குன்றை நாள் தவறாமல் தாக்கினார்கள். பிடிக்க முடியவில்லை. அங்கே காயம்பட்டவர்களில் ஒருவர் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி ஜாக் ஜோன்ஸ். பிற்காலத்தில் பிரிட்டனின் மிகப் பெரிய போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்குப் பொதுச் செயலாளரானவர்.

நாகபுரியிலிருந்து வந்த “ஜான் ஸ்மித்”

சிறைப்பட்டவர்களை பர்கோஸ் நகருக்கு அருகே சான் பெத்ரோ என்ற பழைய மடத்தில் அடைத்தார்கள். பேனும் பசியும் பிரம்படியும் நிறைந்த இடம். அந்தக் கைதிகளில் ஜான் ஸ்மித் என்று பெயர் கொடுத்த ஒருவர் இருந்தார். காந்தேசா அருகே 1938 ஏப்ரலில் பிடிபட்டவர். அவருடைய உண்மைப் பெயர் கோபால் முகுந்த் ஹுத்தார். ஊர் நாகபுரி.

அவருடைய கதை நமக்கு மிக முக்கியம். அவர் தொடக்கத்திலேயே நம் பக்கம் இருந்தவரல்ல. ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் தொடக்க காலத் தலைவர்களில் ஒருவர். அதன் பொதுச் செயலாளராகவே இருந்தவர். வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றார். பத்திரிகைத் தொழில் படிக்க லண்டன் போனார். அங்கே ஸ்பெயினைப் பற்றிக் கேட்டார், படித்தார், யோசித்தார். 1937-ல் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தார். விடுதலையாகி நாடு திரும்பிய பிறகு கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். இனத்தின் பெயரால், மதத்தின் பெயரால் மனிதனைப் பிரிக்கும் அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் போர்முனையிலேயே கண்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் மனிதன் மாறுவான், தோழர்களே! பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளி தவறான கொடியின் கீழ் நிற்கிறான் என்பதற்காக அவனை நாம் கைவிட்டுவிடக் கூடாது.

தோற்றவர்களா அவர்கள்?

1938 செப்டம்பர் 21-ந் தேதி, அன்னியத் தொண்டர்கள் எல்லோரும் வெளியேறுவார்கள் என்று ஸ்பெயின் பிரதமர் நெக்ரின் அறிவித்தார். ஹிட்லரும் முசோலினியும் தங்கள் ஆட்களை வெளியேற்ற அது வழி செய்யும் என்ற நம்பிக்கை. அந்த அறிவிப்புக்குப் பிறகும் பிரிட்டிஷ் பட்டாளம் கடைசியாக ஒருமுறை போர்முனைக்குப் போனது. வீடு திரும்ப வேண்டியவர்கள் அங்கே மாண்டார்கள்.

அதே மாதக் கடைசியில் மியூனிக்கில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரோடு கைகுலுக்கி, செக்கோஸ்லவாகியாவைக் கூறுபோட்டுக் கொடுத்தார். அக்டோபர் 28-ந் தேதி பார்சிலோனா மக்கள் சர்வதேசப் படைக்குக் கண்ணீரோடும் மலர்களோடும் விடை கொடுத்தார்கள். டிசம்பர் 7-ந் தேதி, லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் 300-க்கு மேற்பட்டோர் வந்திறங்கினார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வரவேற்றார்கள். போனவர்களில் 500-க்கு மேற்பட்டவர்கள் ஸ்பெயின் மண்ணிலேயே தங்கிவிட்டார்கள்.

1939 ஏப்ரல் 1-ந் தேதி பிராங்கோ வெற்றி முழக்கம் செய்தான். ஐந்தே மாதத்தில், செப்டம்பர் 1-ந் தேதி, ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தான். “நமக்கென்ன, அது ஸ்பெயின் நாட்டுச் சண்டை” என்று சொன்னவர்களின் வீட்டுக் கூரையிலேயே குண்டு விழுந்தது. குவர்னிக்காவில் பழகிய விமானிகளின் படைதான் லண்டன் மேலும் பறந்தது. அப்போதும் ஸ்பெயினில் போரிட்டவர்களைப் பிரிட்டிஷ் சர்க்கார் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆனால் 1940-ல் ஊர்க்காவல் படைக்குச் சண்டைப் பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது, வழிகாட்டியவர் ஹராமாவில் காயம்பட்ட அதே விண்டிரிங்ஹாம்!

பிராங்கோ 1975-ல் செத்தான். 1996-ல் ஸ்பெயின் நாடு, உயிரோடிருந்த சர்வதேசப் படை வீரர்களுக்குக் குடியுரிமை அளித்தது. 2019-ல் பிராங்கோவின் உடல், அவன் கட்டிய பிரம்மாண்டமான நினைவிடத்திலிருந்து தோண்டி அகற்றப்பட்டது. காலம் தன் தீர்ப்பை மெதுவாகத்தான் எழுதுகிறது.

தோழர்களே! ஓல்ட்ஹாம் ஆலைக்காரனுக்கும் படஹோஸ் பண்ணையாளுக்கும் ஒரே பாஷை கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. இருந்தும் அவனுக்கு அடி விழுந்தபோது இவனுக்கு வலித்தது. நம்முடைய ஆலையில் வேலை நிறுத்தம் நடக்கும்போது பக்கத்து ஆலைத் தொழிலாளி “அது அவர்கள் பிரச்னை” என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? வயலில் கூலிக்காக விவசாயத் தொழிலாளி அடிபடும்போது, மில் கேட்டில் நிற்கும் நாம் சும்மா இருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? தலையிடாக் கொள்கை லண்டனில் மட்டும் பிறப்பதல்ல. அது நம் தெருவிலும் பிறக்கும், நம் மனத்திலும் பிறக்கும். பிறக்கும்போதே அதைக் கிள்ளி எறிய வேண்டும்.

அந்தச் சாலையோரத்திலிருந்து திரும்பி நடந்த 140 பேரை நினைத்துக்கொள்வோம். அவர்கள் பட்டாளத்துக்கு வைத்த பெயரையும் நினைத்துக்கொள்வோம்.

ஸ்பெயின் தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!

பாஸிஸம் ஒழிக!

உலகத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!